எடைக் குறைப்பும் நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் கணக்கும்

நாளொன்றுக்கு 1,200 கலோரிக்கும் குறைவாகவே உண்கிறோம், எத்தனை முறை முயன்றும் எடை குறையவில்லை என்று உறுதியாகச் சொன்ன பத்துப் பேரை நியூயார்க் நகர ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்து, இரண்டு வாரங்கள் நுணுக்கமாக அளந்து பார்த்தார்கள். ஸ்டீவன் லிக்ட்மன் என்பவரும் அவருடைய குழுவினரும் நடத்திய அந்த ஆய்வு, 1992ஆம் ஆண்டின் இறுதியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. அந்தப் பத்துப் பேரின் உடல்கள் ஆற்றலைச் செலவிடும் விதத்தில் எந்தக் கோளாறும் காணப்படவில்லை. அவரவர் உடலமைப்புக்கு எவ்வளவு செலவாக வேண்டுமோ அவ்வளவே செலவாகிக்கொண்டிருந்தது. ஆனால் அவர்கள் தாம் உண்டதைச் சராசரியாக 47 விழுக்காடு குறைத்தும், செய்த உடலுழைப்பை 51 விழுக்காடு கூட்டியும் குறிப்பேட்டில் எழுதியிருந்தார்கள். தம் பருமனுக்குப் பரம்பரையும் உடலின் வளர்சிதை மாற்றமுமே காரணம் என்ற நம்பிக்கை அவர்களிடம் வலுவாக இருந்தது. ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்ட மற்றவர்களைவிட அவர்களிடையே தைராய்டு மாத்திரை உட்கொள்ளும் பழக்கமும் மிகுந்திருந்தது.

ஒருவர் சாப்பிடுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்காமலேயே எப்படி இதைக் கண்டுபிடித்தார்கள் என்ற கேள்வி எழும். டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்), ஆக்ஸிஜன்-18 என்னும் சற்றே கனமான அணுக்கள் கலந்த தண்ணீரை அவர்களுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். இவ்விரண்டும் சிறுநீர், வியர்வை வழியாக உடலைவிட்டு வெளியேறும். ஆனால் ஆக்ஸிஜன் மட்டும் கூடுதலாக, நாம் மூச்சுவிடும் கரியமில வாயுவிலும் கலந்து வெளியேறும். ஆகவே இரண்டும் வெளியேறும் வேகத்தில் உள்ள வித்தியாசத்தைச் சிறுநீர்ச் சோதனையில் கண்டுகொண்டால், உடல் எவ்வளவு கரியமில வாயுவை உண்டாக்கியது என்றும், அதிலிருந்து எவ்வளவு ஆற்றலைச் செலவிட்டது என்றும் கணக்கிட்டுவிடலாம். அந்த இரண்டு வாரங்களில் உடலின் சேமிப்பில் ஏற்பட்ட மாற்றத்தையும் சேர்த்துப் பார்த்தால், அவர் எவ்வளவு உண்டிருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். குறிப்பேட்டை நம்பத் தேவையே இல்லாத முறை இது.

இந்த ஆய்வைச் சொல்கிறவர்களில் பலர், பருமனானவர்கள் பொய் சொல்கிறார்கள் என்ற முடிவோடு நிறுத்திவிடுகிறார்கள். அது தவறான முடிவு மட்டுமன்று, கொடுமையான முடிவும்கூட. இதே முறையைக் கொண்டு பின்னாளில் நடந்த ஆய்வுகளில், ஒல்லியானவர்களும் விளையாட்டு வீரர்களும்கூடத் தாம் உண்பதைக் குறைத்தே எழுதுகிறார்கள் என்பது தெரிந்தது. உணவைப் பற்றிப் பிறருக்குச் சொல்லிக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட உணவியல் வல்லுநர்களை 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்தபோது, அவர்களும் நாளுக்கு 200 கலோரிக்குச் சற்று அதிகமாகவே விட்டுவிட்டு எழுதியிருந்தார்கள். வாய்க்குள் போவதைத் துல்லியமாக நினைவில் வைத்துக்கொள்ளும் திறன் மனிதர்க்கு இயல்பாக வாய்த்ததன்று. அந்தப் பத்துப் பேரும் யாரையும் ஏமாற்ற வந்தவர்கள் அல்லர். தாம் எழுதியதை அவர்களே நம்பினார்கள். எடையைக் குறைக்க விரும்புகிறவர் தம்மிடம் நேர்மையாக இருப்பது என்ற பேச்சை எடுக்கும்போது, குற்றஞ்சாட்டும் குரலை முதலில் விலக்கிவைத்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். குற்றவுணர்வோடு எழுதப்படும் கணக்கு மேலும் பொய்யாகும்.

உணவுக் கணக்கு தவறுவதற்கும் முன்னால், பேசப்படாத இன்னொரு மறைப்பு இருக்கிறது என்பது என் எண்ணம். நாம் எதற்காக எடையைக் குறைக்க விரும்புகிறோம் என்பதை நமக்கே சரியாகச் சொல்லிக்கொள்வதில்லை. கேட்டால் எல்லோரும் ‘உடல்நலத்துக்காக’ என்கிறோம். அது யாரும் மறுக்க முடியாத, கௌரவமான காரணம். ஆனால் உள்ளே இருக்கும் காரணம் பல நேரங்களில் வேறாக இருக்கிறது. மூன்று மாதத்தில் வரவிருக்கும் திருமணம், பிரசவத்துக்குப் பிறகு பொருந்தாமல் போன பழைய ரவிக்கை, பெண் பார்க்க வந்தவர்கள் சொல்லாமல் சொல்லிப்போன சொல், ஊர்த் திருவிழாவில் பல ஆண்டுகள் கழித்துப் பார்த்த அத்தை எல்லோர் முன்னிலையிலும் ‘என்னடி இப்படிப் பெருத்துட்ட’ என்று கேட்டது, உடன் படித்தவர்களின் புகைப்படத்தில் தான் மட்டும் வேறாகத் தெரிந்தது என்று அது நீளும். இவற்றில் எதுவும் வெட்கப்பட வேண்டிய காரணமன்று. அழகாகத் தோன்ற விரும்புவது மனித இயல்பு. அதை மறைத்து, அதன்மேல் சர்க்கரை நோய் பற்றிய கவலையைப் போர்த்தி வைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஏனென்றால் ஒவ்வொரு காரணத்துக்கும் வேண்டிய குறைப்பின் அளவு வேறு, அளக்கும் கருவி வேறு, காத்திருக்க வேண்டிய காலமும் வேறு.

சர்க்கரை நோய் வராமல் தடுப்பதையே எடுத்துக்கொள்வோம். 2002இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நோயின் விளிம்பில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். வாழ்க்கைமுறை மாற்றக் குழுவில் சேர்க்கப்பட்டவர்களுக்கு வைக்கப்பட்ட இலக்கு, உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது போன்ற உடற்பயிற்சி செய்வதும் மட்டுமே. அந்தக் குழுவில் நோய் வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. எண்பது கிலோ எடையுள்ள ஒருவருக்கு 7 விழுக்காடு என்பது ஐந்தரைக் கிலோதான். அந்த ஐந்தரைக் கிலோ குறைந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் கவனிக்கக்கூட மாட்டார். ஆனால் கணையம் கவனிக்கும். சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு இதைவிடவும் சிந்திக்கத்தக்கது. உணவிலும் நடையிலும் மாற்றம் செய்துகொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது, அதுவும் குறிப்பிடத்தக்க எடைக் குறைவு ஏதும் இல்லாமலேயே. ஆகவே, உண்மையிலேயே சர்க்கரை நோயைத் தவிர்ப்பதற்காகத்தான் முயல்கிறேன் என்று சொல்லும் ஒருவர், மூன்று மாதம் நடந்தபின் எடை இயந்திரத்தின் முள் அசையவில்லை என்பதற்காக நடப்பதை நிறுத்திவிட்டால், அவர் தம் காரணத்தைத் தாமே மறந்துவிட்டார் என்றுதான் பொருள். அவருக்கு நடை பலன் தந்துகொண்டிருந்திருக்கலாம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனையே அவர் பார்க்க வேண்டிய அளவுகோல். எடை இயந்திரத்தைப் பார்த்து அவர் மனமுடைந்தாரென்றால், உள்ளே வேறொரு விருப்பம் இருந்தது. அதையும் ஒப்புக்கொண்டால் இரண்டையும் தனித்தனியே கவனிக்க முடியும்.

கல்லீரலில் கொழுப்புப் படிந்திருப்பதாக ஸ்கேன் அறிக்கை சொன்னவர்களுக்கும் இதே நிலைதான். எடையில் 3 முதல் 5 விழுக்காடு குறைந்தாலே அந்தக் கொழுப்பு குறையத் தொடங்கும். கல்லீரலின் அழற்சியும் தணிய வேண்டுமானால் 7 முதல் 10 விழுக்காடு தேவைப்படும். முழங்கால் வலிக்காரருக்கோ கணக்கு இன்னும் தாராளமானது. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களை வைத்துச் செய்த அளவீடுகளில், உடலில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மீது விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று தெரிந்திருக்கிறது. மாடிப்படி ஏறும்போது வலி எவ்வளவு குறைந்தது என்பதே அவருக்கு அளவுகோல்.

தோற்றத்துக்காகக் குறைக்க விரும்புகிறவரின் நிலை இவற்றிலிருந்து முற்றிலும் வேறு. கண்ணுக்குத் தெரியும் மாற்றத்துக்குப் பெரும்பாலும் இதைவிட அதிகமாகக் குறைய வேண்டியிருக்கும். எங்கே குறைய வேண்டும் என்று நாம் விரும்புகிறோமோ அங்கேயே கொழுப்பைக் கரைக்கும் வழி ஏதுமில்லை. வயிற்றுக்கென்று செய்யும் பயிற்சி வயிற்றுத் தசையை வலுவாக்கும், அதன்மேல் உள்ள கொழுப்பை மட்டும் தேர்ந்தெடுத்து எடுக்காது. சிலருக்கு முகமும் மார்பும் முதலில் வற்றி, தொப்பை கடைசிவரை அப்படியே நிற்கும். எடை குறைந்த பிறகு ‘என்ன, உடம்பு சரியில்லையா?’ என்று உறவினர்கள் கேட்பதும் நம் ஊரில் வழக்கம். பெருத்தபோது குறை சொன்னவர்களே இளைத்தபோதும் குறை சொல்வார்கள் என்பதால், பிறர் வாயை அளவுகோலாக வைத்துக்கொண்டவருக்கு நிறைவு கிடைப்பது அரிது. ஆனால் தன் கண்ணுக்குத் தான் நன்றாகத் தெரிய வேண்டும், பிடித்த உடையை அணிய வேண்டும் என்பது உண்மையான விருப்பமாக இருந்தால், அதை நேராகச் சொல்லிக்கொண்டு, அதற்குரிய நெடிய காலத்தையும் ஏற்றுக்கொண்டு செய்யலாம். திருமணத் தேதியை முன்வைத்து ஆறு வாரம் பட்டினி கிடப்பதும், திருமணம் முடிந்த மறுவாரமே பழைய எடைக்குத் திரும்புவதும் அந்தக் காலத்தை ஏற்காததால் நேர்வன.

மறுபக்கத்தில், தமக்கு எடைப் பிரச்சினையே இல்லை என்று நம்பிக்கொண்டிருப்பவர்களின் மறைப்பும் உண்டு. கையும் காலும் மெலிந்து, சட்டைப் பொத்தானுக்குப் பின்னால் வயிறு மட்டும் முன்னே வந்து நிற்கும் நடுவயது ஆண்களை நம் தெருவெங்கும் பார்க்கலாம். அவர்கள் தம்மைப் பருமனானவர்கள் என்று எண்ணுவதில்லை. தொப்பையை வசதியின் அடையாளமாகப் பார்த்த தலைமுறையின் பிள்ளைகள் அவர்கள். 2004ஆம் ஆண்டு லான்செட் என்னும் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் புகைப்படம் வெளியானது. ஒருவர் புனே நகரைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் இலண்டனைச் சேர்ந்த யுட்கின். உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் உடல் நிறைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலிலோ 21.2 விழுக்காடு. ஒரே குறியீட்டு எண்ணில் இந்தியர் உடல் அதிகக் கொழுப்பையும் குறைந்த தசையையும் கொண்டிருக்கிறது என்பதை அந்த ஒரு படம் உலகுக்கு விளக்கியது. இதனால்தான் உலக அளவில் அதிக எடைக்கு 25 என்றும் பருமனுக்கு 30 என்றும் வைத்திருக்கும் எல்லைகளை இந்திய மருத்துவர்கள் 23 என்றும் 25 என்றும் குறைத்து வைத்தார்கள். ஐந்தரை அடிக்குச் சற்றுக் குறைவாக, 165 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு 63 கிலோவிலேயே எச்சரிக்கை தொடங்கி, 68 கிலோவில் பருமன் என்ற வரையறைக்குள் வந்துவிடுகிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது மற்றோர் எல்லை. தையற்காரர் வைத்திருக்கும் அளவு நாடா ஒன்றைக் கொண்டு, மூச்சை உள்ளிழுத்துக்கொள்ளாமல் அளந்தால் போதும். மூச்சை இழுத்துக்கொள்ளத் தோன்றும் அந்தக் கணத்திலேயே எதை மறைக்க விரும்புகிறோம் என்பது நமக்குத் தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டுக்கு இது சிறிய விஷயமன்று. 2015–16இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 விழுக்காட்டினர் அதிக எடையோ பருமனோ உடையவர்கள் என்று கண்டறியப்பட்டது. 2019–21 ஆய்வில் அது 40.4 விழுக்காடாக ஏறியது. ஆண்களில் 28.2இலிருந்து 37 விழுக்காடு. இந்தக் கணக்கு 25 என்ற பழைய எல்லையை வைத்துப் போடப்பட்டது. 23ஐ வைத்தால் எண்ணிக்கை இன்னும் மிகும். ஐந்தே ஆண்டுகளில் இத்தனை பேர் திடீரென்று மனவுறுதியை இழந்துவிட்டார்கள் என்று யாரும் வாதிட முடியாது. உட்கார்ந்து செய்யும் வேலை, வீட்டு வாசலுக்கே வந்து சேரும் உணவு, நடக்க இடமில்லாத சாலைகள், தூக்கம் கெடுக்கும் பணிநேரங்கள் என்று சூழல் முழுவதும் மாறியிருக்கிறது. தன்னிடம் நேர்மையாக இருப்பது என்பது சூழலின் பங்கை மறைத்து எல்லாப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொள்வதாக ஆகிவிடக் கூடாது.

உணவுக் கணக்கு நம் சமையலறையில் எங்கே ஒழுகுகிறது என்பதையும் பார்த்துவிடலாம். எண்ணெயிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனெனில் அதுதான் தட்டில் கண்ணுக்குத் தெரியாதது. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் எண்ணெய் தீர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து லிட்டர் என்பது சுமார் 4,600 கிராம். நான்கு பேருக்கும் முப்பது நாளுக்கும் பகிர்ந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 38 கிராம். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி என்பதால், வீட்டு எண்ணெயிலிருந்து மட்டும் ஏறத்தாழ 340 கலோரி வருகிறது. இதில் நெய்யும் தேங்காயும் கடையில் வாங்கிய மிக்சரும் சேரவில்லை. ‘நான் இரண்டு தோசைதான் சாப்பிட்டேன்’ என்பது உண்மையாகவே இருக்கலாம். தோசைக்கல்லில் ஊற்றிய எண்ணெயும் தொட்டுக்கொண்ட தேங்காய்ச் சட்னியும் அந்த வாக்கியத்தில் இடம்பெறுவதில்லை. நாளுக்கு நான்கு முறை தேநீர் குடித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டால் 40 கிராம், அதாவது 160 கலோரி. சோற்றை யாரும் எண்ணுவதில்லை. ‘கொஞ்சம்’ என்பது ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வோர் அளவு. சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று முறை வாங்கிக்கொள்ளும்போது, மூன்றாம் முறை நினைவிலிருந்து நழுவிவிடுகிறது. இந்தியாவின் உணவில் கலோரிகளில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருவதாக, சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய பெரும் ஆய்வு 2025இல் காட்டியது.

வீட்டில் சமைக்கும் பெண்ணின் கணக்கைத் தனியே சொல்ல வேண்டும். உப்பு பார்க்கும்போது வாயில் போட்டது, பள்ளியிலிருந்து திரும்பிய பிள்ளையின் டப்பாவில் மீந்தது, எல்லோரும் உண்டபின் பாத்திரத்தில் இருந்ததைக் கொட்ட மனமில்லாமல் தின்றது ஆகியவற்றை அவர் உணவாகவே கருதுவதில்லை. அவர் தட்டுப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டது குறைவுதான். அந்தப் பெண்ணிடம் ‘நீங்கள் உண்மையைச் சொல்லவில்லை’ என்று சொல்வது அநியாயம். மீதத்தை அவர் வயிற்றில்தான் சேர்க்க வேண்டும் என்ற எழுதாத விதியைக் குடும்பம் முழுவதும் மாற்றிக்கொண்டால்தான் அந்தக் கணக்கு நேராகும். பெண்கள் எடையைக் குறைக்க முயலும் வீடுகளில் மற்றவர்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான் என்று நான் நம்புகிறேன்.

உழைப்பின் பக்கத்திலும் கணக்கு மிகைப்படுகிறது. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் அரைமணி நேரம் நடந்தால் சுமார் 120 கலோரி செலவாகும். நடைப்பயிற்சி முடிந்ததும் பூங்கா வாசலில் ஒரு வடையும் தேநீரும் எடுத்துக்கொண்டால் நடந்து செலவழித்ததைவிடக் கூடுதலாகவே உள்ளே போய்விடும். இதனால் நடை வீண் என்று ஆகாது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் மனத்துக்கும் அது தரும் நன்மைக்கு ஈடில்லை. எடை பெரும்பாலும் தட்டில்தான் குறைகிறது. நடையைச் செய்ததாலேயே தட்டில் சலுகை எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை மட்டும் கவனித்துக்கொண்டால் போதும்.

எடை இயந்திரத்தைப் படிப்பதிலும் நேர்மை வேண்டும். பேலியோ போன்று மாவுச்சத்தை அடியோடு குறைக்கும் முறைகளில் முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ இறங்கிவிடுவது பலருக்கும் தெரிந்த அனுபவம். தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருந்த கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்து கரையும்போது, ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்து போவதே அதற்குப் பெரும்பாலான காரணம். அந்த இரண்டு கிலோவைக் கொழுப்பு என்று நம்பி ஊக்கம் பெறுகிறவர், ஒரு விருந்துக்குப் பிறகு ஒரே நாளில் ஒன்றரைக் கிலோ ஏறியதையும் கொழுப்பு என்றே நம்பித் தளர்ந்துபோவார். உப்பு மிகுந்த உணவு, மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், மலச்சிக்கல் எல்லாமே முள்ளை அசைக்கும். வாரம் முழுவதும் காலையில் எடுத்த அளவுகளின் சராசரியை அடுத்த வாரச் சராசரியோடு ஒப்பிடுவதே பொருளுள்ளது.

எடை குறைந்தபின் திரும்ப ஏறுவது பற்றித்தான் நாம் நம்மிடம் மிகக் குறைவாக உண்மை பேசுகிறோம். இரண்டாம் உலகப் போரின் முடிவுக் காலத்தில், 1944–45இல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் உடலியல் அறிஞர் உடல்நலமுள்ள 36 இளைஞர்களை 24 வாரங்கள் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, அதற்கு மாற்றாக இந்தச் சேவைக்குத் தாமே முன்வந்தவர்கள் அவர்கள். அவர்கள் எடையில் நான்கில் ஒரு பங்கை இழந்தார்கள். உணவைத் தவிர வேறு நினைவே இல்லாமல் போனது. சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், தட்டை நக்கினார்கள், எரிச்சலும் சோர்வும் கொண்டார்கள். மனவுறுதியில் ஒருவருக்கும் சளைக்காத இளைஞர்களுக்கே அது நேர்ந்தது. உடல் பட்டினியைப் பேராபத்தாகவே கருதும். 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் லெப்டின் என்னும் இயக்குநீரைக் கண்டுபிடித்தபோது, கொழுப்புச் செல்களே மூளைக்குச் செய்தி அனுப்பிப் பசியைக் கட்டுப்படுத்துகின்றன என்பது புரிந்தது. கொழுப்பு குறைந்தால் அந்தச் செய்தியும் குறைகிறது, பசி மிகுகிறது. மெல்பர்னில் நடந்து 2011இல் வெளியான ஆய்வொன்றில், பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைந்தவர்களுக்கு ஓராண்டு கழிந்தும் பசியைத் தூண்டும் இயக்குநீர்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக் குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு கெவின் ஹால் குழுவினர் அளந்து 2016இல் வெளியிட்டார்கள். அவர்கள் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல், எதிர்பார்க்கும் அளவைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டபின் ஒருவர் தம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது, இரண்டு மாதத்துக்கு எதை விட முடியும் என்பதன்று. பத்து ஆண்டுகளுக்கு எதைத் தொடர முடியும் என்பதுதான். பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் உண்ணாமல் இனி வாழ்நாள் முழுவதும் இருப்பேன் என்று சொல்கிறவர், அதைத் தாமே நம்புகிறாரா என்று ஒரு நிமிடம் அமைதியாக யோசிக்கட்டும். நம்பவில்லையென்றால் அந்தத் திட்டத்தை அன்றே கைவிட்டு, தாம் உண்மையில் கடைப்பிடிக்கக்கூடிய சிறிய மாற்றத்தை எடுத்துக்கொள்ளலாம். எடைக் குறைப்புக்காக 2025இல் இந்தியாவுக்கு வந்த டிர்செபடைடு, செமாக்ளூடைடு போன்ற ஊசி மருந்துகளுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். ஆய்வில் செமாக்ளூடைடு 68 வாரங்களில் சராசரியாக 14.9 விழுக்காடு எடையைக் குறைத்தது. மருந்தை நிறுத்திய ஓராண்டுக்குள், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. உரியவர்களுக்கு அவை நல்ல மருந்துகள். அவற்றை எடுத்துக்கொள்வது குறுக்குவழி என்று இழிவாகப் பேசுவதை நான் ஏற்கவில்லை. ஆனால் மூன்று மாதம் போட்டுக்கொண்டு நிறுத்திவிடலாம் என்ற எண்ணத்தோடு மருத்துவரிடம் போகிறவர், அந்த எண்ணத்தை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

இப்போது எனக்கு இது வேண்டாம் என்பதும் நேர்மையான பதில்தான். கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருக்கும் தாயும், படுக்கையில் இருக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் மகனும், கடன் நெருக்கடியில் தவிக்கும் குடும்பத் தலைவரும் இந்த ஆண்டு எடையைக் கூட்டாமல் இருந்தாலே போதும் என்று முடிவு செய்யலாம். விரும்பாத ஒன்றை விரும்புவதாகச் சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு திங்கட்கிழமையும் தொடங்கி ஒவ்வொரு புதன்கிழமையும் கைவிட்டு, அதற்காகத் தம்மைத் தாமே வெறுப்பதைவிட அது எவ்வளவோ மேலானது. இயல்பான எடையில் இருந்துகொண்டே இன்னும் மெலிய வேண்டும் என்று பட்டினி கிடக்கும் இளம்பெண்களும், தின்றபின் வாந்தி எடுப்பவர்களும், யாரும் பாராத நேரத்தில் கட்டுக்கடங்காமல் தின்றுவிட்டு அழுகிறவர்களும் எடைக் குறைப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அவர்களுக்கு வேண்டியது மனநல மருத்துவரின் உதவி, அது சிகிச்சையால் சரியாகக்கூடியது.

தைராய்டைப் பற்றி ஒரு சொல். தைராய்டு குறைவாகச் சுரப்பதால் எடை கூடுவது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு கிலோ அளவிலேயே இருக்கும், அதிலும் பெரும்பகுதி உடலில் தேங்கும் உப்பும் நீரும்தான். மாத்திரையால் இரத்த அளவு சரியான நிலைக்கு வந்துவிட்டதென்றால், மீதியுள்ள இருபது கிலோவுக்கு வேறு காரணத்தைத் தேட வேண்டும். அதே சமயம், உண்மையிலேயே எடையைக் கூட்டும் மருந்துகள் பல உண்டு. ஸ்டீராய்டு, இன்சுலின், கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள், வலிப்புக்குக் கொடுக்கும் வால்புரோயேட், மனநோய்க்குக் கொடுக்கும் ஒலன்சபின் ஆகியவை அவற்றுள் சில. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பெண்களுக்கும் எடையைக் குறைப்பது மற்றவர்களைவிடக் கடினமாகவே இருக்கிறது. இவை சாக்குகள் அல்ல, மருத்துவரோடு பேச வேண்டிய காரணங்கள்.

மருத்துவரிடம் சொல்லும் கணக்கு தவறினால் விளையும் கேட்டைப் பலர் உணர்வதில்லை. சர்க்கரை நோயுள்ள ஒருவர், இனிப்பைத் தொடுவதே இல்லை, மாத்திரையைத் தவறாமல் போடுகிறேன் என்று சொல்கிறார். பரிசோதனையிலோ சர்க்கரை கூடுதலாக இருக்கிறது. மருத்துவர் அவர் சொல்லை நம்பி மருந்தின் அளவை உயர்த்துகிறார், அல்லது இன்சுலினைச் சேர்க்கிறார். அந்த மருந்தே பசியையும் எடையையும் கூட்டுகிறது. ஒரு நாள் உண்மையாகவே குறைவாக உண்டுவிட்டால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கம் வருகிறது. அந்தப் பயத்தில் மேலும் உண்கிறார். அடுத்த முறை எடை இன்னும் இரண்டு கிலோ கூடியிருக்கிறது. இதைத் தவிர்க்க, மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய ஒரு வாரம், எதையும் மாற்றாமல், வழக்கம்போல் உண்டு, உண்பதையெல்லாம் உண்பதற்கு முன்பே கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளலாம்; தேநீர்க் கடையில் கடித்த பஜ்ஜியும் பிள்ளையின் டப்பாவில் மீந்ததும் அதில் இருக்க வேண்டும். அந்தப் படங்களைக் காட்டி, நான் போடும் மாத்திரைகளில் எடையைக் கூட்டுவது எது, அதற்கு மாற்று உண்டா என்றும், என் உடலுக்கு எத்தனை கிலோ குறைந்தால் உண்மையில் பயன் தெரியும் என்றும் கேட்க வேண்டும். எத்தனை கிலோ என்ற கேள்விக்கு வரும் பதில், நாம் மனத்தில் வைத்திருந்த எண்ணைவிடப் பெரும்பாலும் மிகவும் சிறியதாகவே இருக்கும்.